வேலூர்ப் பக்கம் பைக் ஓட்டுபவர்கள் வழிகாட்டும் ஜிபிஎஸ் தேர்ந்தெடுப்பது எப்படி

வண்டி ஆக்சஸரீஸ் கடையில் போய் "அண்ணா, பைக்குக்கு ஜிபிஎஸ் இருக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைப்பார்கள். உள்ளே சிம் கார்டு போட வேண்டும், வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும். அது டிராக்கர். வண்டி திருடு போனால் எங்கே நிற்கிறது என்று உங்கள் போனுக்குச் சொல்லும். உங்களுக்கு வழி சொல்லாது. உங்களுக்கு வேண்டியது வழிகாட்டி என்றால் "நேவிகேஷன்" என்று தெளிவாகக் கேளுங்கள். இந்தக் குழப்பத்திலேயே பணத்தை விடுகிறவர்கள் உண்டு.

அடுத்த தப்பு, எந்த மேப் நல்லது என்பதில் ஆரம்பிப்பது. மேப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வடாற்காடு முழுக்கச் சுற்றுகிற வண்டியில் கருவியைக் கெடுப்பது வேறு நான்கு: வெயில், கரண்ட், குலுக்கல், மழை. இந்த நான்கையும் தாங்குவது எது என்று பார்த்துக் கருவியை எடுங்கள். அதிலும் வெயிலுக்குத்தான் முதலிடம்.

கிடைப்பவை என்னென்ன

முதலாவது, கையில் இருக்கும் போனையே ஹேண்டில்பாரில் மாட்டுவது. செலவு மிகக் குறைவு. போனுக்கு ஆபத்தும் இதில்தான் அதிகம்.

இரண்டாவது, வண்டியோடு வரும் மீட்டர். ராயல் என்ஃபீல்டு 2020 நவம்பரில் மீட்டியோர் 350-இல் கொண்டுவந்த டிரிப்பர் இந்த வகை. டிவிஎஸ், பஜாஜ், சுசுகி வண்டிகள் பலவற்றிலும் ப்ளூடூத் வழியாக அம்புக்குறியும் திருப்பத்துக்கு உள்ள தூரமும் காட்டும் மீட்டர் வருகிறது. ஹிமாலயன் 450-இல் வட்டத் திரையில் முழு மேப்பே தெரியும். ஆனால் இவை எல்லாவற்றிலும் வழியைக் கணக்குப் போடுவது உங்கள் போன்தான். மீட்டர் வெறும் கண்ணாடி. போன் பாக்கெட்டில் உயிரோடு இருக்க வேண்டும், அந்தக் கம்பெனியின் செயலி பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் போன் அந்தச் செயலியை நிறுத்திவிட்டால் அம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். போன் செட்டிங்கில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, தனியாக வாங்கி மாட்டி, போனின் மேப்பைப் பார்க்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே திரை. 5, 6 அங்குலத்தில் வருகிறது. பார்க்க அழகு, போன் பாக்கெட்டில் இருக்கும், அதனால் குலுக்கலில் அதன் கேமரா கெடாது. ஆனால் போனும் சூடாகும், திரையும் கரண்ட் தின்னும். 100 சிசி வண்டிக்கு இது அதிகப்படியான சுமை.

நான்காவது, பைக்குக்கென்றே செய்த ஜிபிஎஸ். கார்மின் நிறுவனத்தின் ஸூமோ வரிசை இதில் பெயர் பெற்றது. கையுறையோடு தொடலாம், வெயிலில் தெரியும், நனையலாம், மேப் முழுக்க உள்ளேயே இருக்கும். விலையோ ஒரு நல்ல போனின் விலை. லடாக், வடகிழக்கு என்று வருடத்தில் ஒரு மாதம் ஊர் சுற்றுகிறவர்களுக்குச் சரி. ஆம்பூரிலிருந்து ஆற்காடு போய்வருகிறவர்களுக்கு அவசியமே இல்லை.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார்: வீட்டு மேஜை டிராயரில் சும்மா கிடக்கும் பழைய போன். பேட்டரி உப்பாமல், திரை உடையாமல் இருந்தால் போதும். சிம் வேண்டாம். மேப்பை வைஃபையில் இறக்கிக்கொண்டு, நெரிசல் விவரம் வேண்டும்போது மட்டும் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிடலாம். வெயிலில் வீணானாலும் நஷ்டம் பெரிதில்லை. வங்கிச் செயலியும் குடும்பப் படங்களும் இருக்கும் போன் பத்திரமாகப் பாக்கெட்டில் இருக்கும். தினசரி 30, 40 கிலோமீட்டர் ஓட்டி, மாதம் ஒருமுறை ஏலகிரியோ ஜவ்வாது மலையோ போகிறவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

வெயில்

சித்திரை, வைகாசியில் வேலூரில் 40 டிகிரி என்பது செய்தியே அல்ல. ஐபோனை 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்துங்கள் என்றுதான் ஆப்பிளே சொல்கிறது. ஆண்ட்ராய்டு போன்களின் லித்தியம் பேட்டரியும் அதே இனம்தான். போன் உள்சூடு 45 டிகிரியை ஒட்டும்போது வரிசையாக மூன்று நடக்கும்: திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், பிறகு போன் அணைந்துவிடும். திரை மங்கியதைப் பார்த்ததும் வெளிச்சத்தைக் கூட்டினால் சூடு இன்னும் ஏறும்.

இதை மனத்தில் வைத்தால் சில முடிவுகள் தானாக வரும். ஜிப் வைத்த வாட்டர்ப்ரூஃப் உறையைக் கோடையில் தொடவே வேண்டாம். உள்ளே காற்று போகாமல் போன் வெந்துவிடும். முதுகு திறந்திருக்கும் மவுண்ட்தான் நல்லது. வயர்லெஸ் சார்ஜிங் மவுண்ட் வசதியாகத் தோன்றும், ஆனால் அதில் வீணாகும் கரண்ட் பெரும்பாலும் போனின் முதுகில் சூடாகத்தான் இறங்குகிறது. வேலூருக்கு அது ஒத்துவராது. வேகமான 18 வாட் சார்ஜிங்கைவிட 10 வாட் மெதுவான சார்ஜிங் கோடைக்கு நல்லது. வண்டியில் கண்ணாடித் தடுப்பு இருந்தால் அதன் பின்னால் மாட்டாதீர்கள், காற்று அங்கே தேங்கும். ஓடும்போது தாங்கும் போன், கிரீன் சர்க்கிள் சிக்னலில் மூன்று நிமிடம் நின்றால் திணறும். டீக்கடையில் நிறுத்தினால் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள்.

தனிக் கருவியோ திரையோ வாங்குவதானால் அதன் வெளிச்ச அளவை நிட்ஸ் கணக்கில் கேளுங்கள். நேர் வெயிலில் படிக்க 1000 நிட்ஸ் பக்கத்தில் வேண்டும். 400, 500 நிட்ஸ் திரையில் பகல் 12 மணிக்கு உங்கள் முகம்தான் தெரியும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே திரையைப் பாருங்கள், படுக்கவைத்தும் நிமிர்த்தியும். சில திரைகள் ஒரு வாக்கில் முழுக் கறுப்பாகிவிடும்.

கரண்ட்

மேப் ஓடும் போன், திரை முழு வெளிச்சத்தில் இருக்கும்போது கிட்டத்தட்ட 5 வாட் தின்கிறது. ஆகவே 5 வோல்ட் 1 ஆம்பியர் தரும் மலிவு சார்ஜரில் போட்டால், சார்ஜ் ஏறுவதாகப் படம் காட்டும், சதவீதம் ஏறாது. 5 வோல்ட் 2 ஆம்பியர், அதாவது 10 வாட், சரியான அளவு. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இதற்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் போகும்.

வண்டியில் இதைத் தாங்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டியில் பேட்டரியின் கொள்ளளவு 3 ஆம்பியர்-அவர். 150 சிசிக்கு மேல் போனால் பல வண்டிகளில் 8, 9 வரை இருக்கும். சின்ன பேட்டரி வண்டியில் இன்ஜினை நிறுத்திவிட்டு மேப்பைப் பார்த்துக்கொண்டே சார்ஜ் போடக் கூடாது.

சார்ஜரை நேராக பேட்டரியில் கட்டிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. போன் மாட்டாதபோதும் சில சார்ஜர்கள் 20 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-அவர். 9 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்பது நாளில் பாதி காலி. 3 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்றே நாளில். ஊருக்குப் போய்விட்டு வந்து செல்ஃப் அடித்தால் 'டிக் டிக்' என்று மட்டும் கேட்பது இதனால்தான். சாவியைத் திருப்பினால் மட்டுமே கரண்ட் வரும்படி ஒரு ரிலே, அதாவது கரண்டால் இயங்கும் சுவிட்ச், போட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை.

வேண்டியவை: 12 வோல்ட் ரிலே ஒன்று, ஃபியூஸ் ஹோல்டரும் 3 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் இரண்டும் (ஒன்று உபரி), 1 சதுர மி.மீ. ஆட்டோ வயர் சிவப்பில் இரண்டு மீட்டர், கறுப்பில் இரண்டு மீட்டர், ரிங் டெர்மினல், சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், மூடி வைத்த யுஎஸ்பி சார்ஜர்.

பேட்டரியின் நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவ்வைத் திருப்பும்போது ஸ்பானர் சேசிஸில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும் என்பதால் இந்த வரிசை. பாசிட்டிவ்விலிருந்து ஃபியூஸுக்கு 15 செ.மீ.க்கு மேல் வயர் விடாதீர்கள். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் தேய்ந்து ஷார்ட் ஆனால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும்: ஃபியூஸிலிருந்து 30-ஆம் கால், 87-லிருந்து சார்ஜரின் சிவப்பு. 86-க்கு டெயில் லைட்டின் பாசிட்டிவ் வயரிலிருந்து ஒரு கிளை, 85-ஐ எர்த்தில் கட்டுங்கள். சார்ஜரின் கறுப்பு நேராக பேட்டரி நெகட்டிவ்வுக்கே போகட்டும். பெயின்ட் அடித்த போல்ட்டில் எர்த் எடுத்தால் ஆறு மாதத்தில் துரு பிடித்து விட்டுவிட்டு சார்ஜ் ஏறும்.

வயரின் தோலைக் குத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் வேண்டாம். மழைநீர் உள்ளே இறங்கிச் செம்பு பச்சை பிடிக்கும். ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஏபிஎஸ் பிரேக், சென்சார் பக்கம் போகும் வயர்களில் கை வைக்கவே கூடாது. வாரண்டி இருக்கும் வண்டியானால் வயரிங்கை வெட்டாமல், கம்பெனி கொடுத்திருக்கும் ஆக்சஸரீஸ் சாக்கெட் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி வரை திருப்பிப் பாருங்கள். வயர் இழுபட்டாலோ நசுங்கினாலோ கொஞ்சம் தளர்வு விட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

பிறகு மல்டிமீட்டர். இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கி வைத்து, சார்ஜர் ஓடும்போது பேட்டரியில் அளந்தால் 13.8-லிருந்து 14.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் கோளாறு உங்கள் வேலையில் இல்லாமல் வண்டியின் சார்ஜிங்கிலேயே இருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மவுண்ட், குலுக்கல், சட்டம்

உயர் சக்தி மோட்டார்சைக்கிள் இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021 செப்டம்பரில் எச்சரிக்கையே வெளியிட்டது. கேமராவுக்குள் லென்ஸை மிதக்கவைத்து நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பு ஒன்று இருக்கிறது, ஓஐஎஸ் என்பார்கள். ஒற்றை சிலிண்டர் புல்லட்டின் உதறல் மணிக்கணக்கில் பட்டால் அது தளர்ந்து, படங்கள் கலங்கலாக வரும். ஆண்ட்ராய்டிலும் ஓஐஎஸ் இருந்தால் அதே ஆபத்துதான். வழி இரண்டு: அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் டேம்பர் வைத்த மவுண்ட், அல்லது ஓஐஎஸ் இல்லாத அந்தப் பழைய போன்.

மவுண்ட் வாங்கும்முன் ஹேண்டில்பாரின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 22 மி.மீ.; சில வண்டிகளில் நடுவில் மட்டும் 28. ஸ்கூட்டரில் பிளாஸ்டிக் மூடியிருப்பதால் கண்ணாடித் தண்டில்தான் மாட்ட வேண்டும், அதன் மரை 8 மி.மீ.யா 10 மி.மீ.யா என்று பாருங்கள். தண்டு நீள நீள நடுக்கமும் கூடும் என்பதால் அடியோடு ஒட்டி மாட்டுங்கள். நான்கு மூலையையும் பிடிக்கும் உலோக மவுண்ட் நம்பகமானது. பிடி வால்யூம் பொத்தானை அழுத்தாத இடத்தில் இருக்கட்டும். காந்த மவுண்ட் வேண்டாம். குழியில் போன் பறந்துவிடும், திசைகாட்டியும் குழம்பும்.

ஓட்டும்போது கையில் போன் பிடித்திருப்பது மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதல். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் 1 முதல் மத்திய விதி சொல்கிறது. அதனால் ஸ்டாண்டில் மாட்டி, கிளம்பும்முன்பே இடத்தைப் போட்டுவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் சொருகிப் பேசுவது இதில் சேராது.

காது

கோடையில் சிறந்த திரை, அணைத்து வைத்த திரைதான். குரலை மட்டும் கேட்டு ஓட்டினால் சூடும் குறையும், கண்ணும் ரோட்டில் இருக்கும். கூகுள் மேப்ஸ் தமிழிலேயே வழி சொல்லும். ஹெல்மெட்டில் வைக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கும்முன் ஹெல்மெட்டின் காதுப் பகுதியில் குழி இருக்கிறதா என்று பாருங்கள். குழி இல்லாவிட்டால் தெர்மாகோலைச் செதுக்காதீர்கள்; தலையைக் காப்பாற்றுவது அதுதான். இரண்டு காதையும் அடைக்கும் இயர்பட்ஸ் போட்டால் பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காது. ஒரு காது போதும்.

மழை

ஐபி67 என்ற நீர்க்காப்புத் தரம் இருந்தால் 1 மீட்டர் ஆழத்துத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். 80 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அடிக்கும் சாரல் வேறு சோதனை. போனின் நீர்க்காப்பு, சார்ஜ் வயர் மாட்டியிருக்கும்போது நம்பத்தக்கதல்ல; துளையில் தண்ணீர் போனால் போன் சார்ஜ் ஏற்ற மறுக்கும். சொட்டு விழுந்தால் திரை தானாகவே தொடப்பட்டு மேப் எங்கோ ஓடும். மழை தொடங்கியதும் வயரைப் பிடுங்கி, யுஎஸ்பி மூடியை அழுத்தி, போனைச் சட்டைக்குள் போட்டுக் காதால் ஓட்டுவதே நல்லது.

பாலாறு வருடத்தில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடப்பதால் தரைப்பாலங்களை மேப் சாதாரண ரோடாகவே காட்டும். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது அவை மூழ்கின. ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலம், ரயில்வே சுரங்கப்பாதை வழியாக அம்பு காட்டினால் ஊர்க்காரரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சிக்னல் இல்லாத மலையில்

ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் வேண்டாம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் ரேடியோ அலையை போன் வெறுமனே கேட்கிறது. இன்டர்நெட் வேண்டியது மேப்பை வரைய. இன்னொன்றுக்கும் உதவுகிறது: எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலை நெட் வழியாக உடனே வாங்கிக்கொள்ள. நெட் இல்லாவிட்டால் அதைக் கோளிடமிருந்தே மெதுவாகக் கேட்டு வாங்க வேண்டும், ஒவ்வொரு கோளுக்கும் அரை நிமிடமாவது ஆகும். ஆலங்காயத்திலோ போளூரிலோ போனை அணைத்து வைத்துவிட்டு ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் திறந்தால் இடம் காட்டத் தாமதிப்பது இதனால்தான். திறந்தவெளியில் நகராமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள், பிடித்துவிடும். இன்னும் நல்லது, அடிவாரத்திலேயே நேவிகேஷனைத் தொடங்கிவிடுவது.

புதிதாக வாங்கும் கருவியில் இரட்டை அலைவரிசை, அதாவது எல்1-உடன் எல்5, இருக்கிறதா என்று கேளுங்கள். பாறைக்குன்றில் பட்டுத் திரும்பும் அலையால் வரும் பிழை இதில் குறையும். இஸ்ரோவின் நாவிக் வழிகாட்டிக் கோள்களும் எல்5-இல் ஒலிபரப்புகின்றன. ஆனாலும் வானம் தெளிவாக இருக்கும்போதே சாதாரண போனின் கணிப்பு 5 மீட்டர் அளவுக்கு விலகும். தேசிய நெடுஞ்சாலை 48-இல் மேம்பாலத்தில் போகிறீர்களா, கீழே சர்வீஸ் ரோட்டிலா என்று எந்தக் கருவிக்கும் உறுதியாகத் தெரியாது. அங்கே பச்சைப் பலகையை நம்புங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அம்பு சுற்றிச் சுற்றி வருவதும் பழுதல்ல. நகர்ந்த தூரத்தை வைத்துத்தான் திசை கணிக்கப்படுகிறது, மெதுவாகப் போனால் அது தடுமாறும்.

கூகுள் மேப்ஸில் இந்தியாவுக்கென்று 2017 டிசம்பரில் வந்த இருசக்கர வாகன முறை ஊருக்குள் உதவும். ஆஃப்லைனில் கார் வழியைத்தான் எதிர்பார்க்கலாம். நெரிசலும் மாற்று வழியும் வராது. ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் என்ற மேப் செயலிகள் இரண்டும் முழுக்க ஆஃப்லைனில் வழி போடும். அவற்றில் மேப் மாநிலம் மாநிலமாக இறங்கும். நம் பக்கம் இதில்தான் ஏமாறுகிறோம்: தமிழ்நாட்டை மட்டும் இறக்கிவிட்டு, பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டாவுக்கோ காட்பாடியிலிருந்து சித்தூருக்கோ கிளம்பினால் எல்லையில் ரோடு மறைந்துவிடும். ஆந்திராவையும், பெங்களூரு போவதானால் கர்நாடகாவையும் சேர்த்து இறக்குங்கள்.

ஊர்ப் பெயரைத் தட்டும்போது பட்டியலில் முதலில் வருவதை அழுத்தாதீர்கள். திருப்பத்தூர் இங்கும் உண்டு, சிவகங்கை மாவட்டத்திலும் உண்டு. ஆரணியும் பொன்னேரியும் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கின்றன; ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரிக்கு என்று கிளம்பிச் சென்னைப் பக்கம் அம்பு காட்டினால் காரணம் அதுதான். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆம்பூர், அரக்கோணம் முகவரிகளில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே எழுதியிருக்கும். மாவட்டப் பெயரைவிடப் பின்கோடு நம்பகமானது. மலைக் கிராமம் என்றால் போகும் வீட்டுக்காரரிடம் இருப்பிடத்தையே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

வாங்கியதும் ஒரு சோதனை ஓட்டம்

திருப்பித் தரும் நாள் முடிவதற்குள், பகல் 12 மணிக்குக் கிளம்புங்கள். புதிய பேருந்து நிலையம், நெடுஞ்சாலை வழியாகப் பள்ளிகொண்டா, குடியாத்தம், கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி, திரும்ப வேலூர். மேம்பாலம், சர்வீஸ் ரோடு, பஜார் நெரிசல், குழி எல்லாம் இதில் வந்துவிடும். மொபைல் டேட்டாவைப் பாதி வழியில் அணைத்துவிடுங்கள். கிளம்பும்போது இருந்த சார்ஜ் சதவீதத்தைக் குறித்து, வந்ததும் ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் சார்ஜரையோ வயரையோ மாற்ற வேண்டும். எங்கே திரை மங்கியது, எந்தத் திருப்பத்தில் குரல் தாமதமாக வந்தது, மவுண்ட் எத்தனை முறை தொங்கியது என்று பாருங்கள். மவுண்டின் எல்லா ஸ்குரூவையும் அன்று சாயங்காலமே ஒருமுறை, முதல் 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை முறுக்குங்கள்.